கேட்பவன் இல்லாத இலக்கணம்

ஆங்கில இலக்கணம் என்ற பெயரில் நம் வகுப்பறைகளில் கற்பிக்கப்படுவனவற்றுள் மிகுந்த தீங்கு விளைவிப்பது எது என்று கேட்டால், ‘ஆர்ட்டிகிள்’ பற்றிய அந்த ஒற்றைப் பக்கம்தான் என்று தயக்கமின்றிச் சொல்வோம். ‘எ’, ‘ஆன்’, ‘தி’ என மூன்று சொற்கள். உயிரொலிக்கு முன் ‘ஆன்’, மற்றவற்றுக்கு முன் ‘எ’, குறிப்பிட்ட பொருளாயின் ‘தி’. கீழே வரிசையாகக் கோடிட்ட இடங்கள். நிரப்பினால் மதிப்பெண், பாடம் முடிந்தது. இதே பாடத்தை ஆறாம் வகுப்பிலும் படித்து, பத்தாம் வகுப்பிலும் படித்து, பட்ட வகுப்பிலும் படித்துவிட்டு வெளியேறுகிறவனால் நான்கு வாக்கியங்களைப் பிழையின்றி எழுத முடியவில்லை என்றால் பிழை யாருடையது? மாணவனுடையது என்று ஊர் சொல்கிறது. பாடத்தினுடையது என்பது நம் வாதம்.

தமிழ் கற்பிப்பவருக்கு இதில் என்ன வேலை என்று ஆங்கிலத்துறை நண்பர்கள் கேட்கக்கூடும். வேலை இருக்கிறது. பகுதி ஒன்றில் நம்மிடம் சங்க இலக்கியத்தைச் சுவைத்துப் படித்துத் தேறுகிற பிள்ளைகள்தாம் பகுதி இரண்டில் அரியர் மேல் அரியராகச் சேர்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களுள் சிலர் நம்மிடம் வந்து கேட்பது இது: “ஐயா, தமிழ்ல ஆர்ட்டிகிளே இல்லையாமே, அதனாலதான் நமக்கு இங்கிலீஷ் வரலையாமே?” யாரோ சொல்லி அனுப்பிய விளக்கம். இல்லாமையை ஒரு மொழியின் தலையில் கட்டிவிட்டால் கற்பிப்பவரின் பொறுப்பு தீர்ந்துபோகிறது அல்லவா! இலத்தீனில் ஆர்ட்டிகிள் இல்லை. வடமொழியில் இல்லை. ருஷ்ய மொழியில், சீனத்தில், ஜப்பானியத்தில் இல்லை. சிசரோவின் சொற்பொழிவுக்கும் டால்ஸ்டாயின் நாவலுக்கும் அதனால் ஒரு குறையும் நேர்ந்துவிடவில்லை.

ஆங்கிலத்துக்கே அது கூடப் பிறந்த உடைமையன்று. ஓராயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் ‘ஆன்’ என்பது ‘ஒன்று’ என்னும் எண்ணுப்பெயர். இன்றைய ‘தி’யின் முன்னோர், பால், எண், வேற்றுமைக்கேற்ப உருமாறிக்கொண்டிருந்த ஒரு சுட்டுச்சொல். எண்ணுப்பெயரும் சுட்டும் அழுத்தம் இழந்து, தேய்ந்து, இடைச்சொல்லாய் இறுகியவையே இம்மூன்றும். ஆகவே ‘எ’தான் இயல்பு, உயிரொலி வந்தால் ‘ன்’ சேரும் என்பது வரலாற்றைத் தலைகீழாகப் பிடித்த கதை. ‘ஆன்’ என்பதே முதல். மெய்யொலிக்கு முன் அதன் ‘ன்’ உதிர்ந்தது. இந்த ‘ன்’ எந்தச் சொல்லுக்கு உரியது என்பதில் ஆங்கிலேயரே தடுமாறியிருக்கிறார்கள். சமையலறையில் கட்டிக்கொள்ளும் ஏப்ரன் முன்பு ‘நாப்ரன்’ ஆக இருந்தது. ‘எ நாப்ரன்’ என்பதை ‘ஆன் ஏப்ரன்’ என்று பிரித்துவிட்டார்கள். ‘நியூட்’ என்னும் சிற்றுயிருக்கோ, முன்னிருந்த ‘ஆன்’ தன் ‘ன்’னைத் தானமாகத் தந்துவிட்டது. ‘ஓர் இரவு’, ‘ஒரு பகல்’ என்று எழுதப் பழகிய தமிழ் மாணவனுக்கு இந்த ஒலிக்கணக்கு எளிதாகவே புரியும். அவனைக் குழப்புவது, எழுத்தைப் பார் என்று சொல்லிக்கொடுப்பது. ‘ஆன் எம்.எல்.ஏ.’ என்பதிலும் ‘எ யூனிவர்சிட்டி’ என்பதிலும் எழுத்தைப் பார்த்தால் விடை தவறும். காதைக் கேட்டால் தவறாது. இது சிறிய செய்தி. ஆனால் நம் பாடநூல்கள் பாதிப் பக்கத்தை இதற்கே செலவிடுகின்றன.

பெரிய செய்தி வேறு. ‘எ’யும் ‘தி’யும் பெயர்ச்சொல்லை அலங்கரிக்கும் அடைகள் என்று நம்பவைத்ததுதான் முதற்குற்றம். இக்குற்றத்துக்கு ஒரு பழைய வம்சாவளி உண்டு. கிரேக்க இலக்கணிகள் சொற்களை எட்டு வகையாகப் பகுத்தபோது ஆர்ட்டிகிளுக்கு ஓர் இடம் தந்தனர். இலத்தீன் இலக்கணிகளுக்குத் தம் மொழியில் அப்படியொன்று இல்லை. எட்டு என்ற எண்ணிக்கை குறையலாமா? காலியான இடத்தில் வியப்பிடைச்சொல்லை உட்காரவைத்தார்கள்! பின்னால் ஆங்கிலத்துக்கு இலக்கணம் எழுதப் புகுந்தவர்கள் இலத்தீன் சட்டையையே தைத்துப் போட்டதால், ஆங்கிலத்தில் இருக்கிற இந்தச் சொற்களை எங்கே வைப்பது என்ற திண்டாட்டம் வந்தது. 1795இல் லிண்ட்லி மரே தனி வகையாக வைத்துச் சொல்வகைகளை ஒன்பதாக்கினார். வேறு சிலர் பெயரடையின் பையில் திணித்தார்கள். 1930களில் இந்தியப் பள்ளிகளுக்கென வந்து, இன்றும் விற்பனையில் உள்ள ரென்–மார்ட்டின் நூல் பெயரடைப் பக்கமே நின்றது. நம் உரைவழிகாட்டிகள் அனைத்தும் அதன் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்.

பெயரடையென்றால் அடுக்க முடியவேண்டும். பெரிய, பழைய, சிவப்பு வீடு என்று ஆங்கிலத்திலும் அடுக்கலாம். ‘தி மை திஸ் ஹவுஸ்’ என்று அடுக்க முடியுமா? பெயரடையென்றால் பயனிலையாக வரவேண்டும். ‘தி ஹவுஸ் இஸ் ரெட்’ என்னலாம். ‘ஹவுஸ் இஸ் தி’ என்று உலகில் எவரும் சொன்னதில்லை. பெயரடையை நீக்கினால் வாக்கியம் நிற்கும். ‘ஐ பாட் எ ரெட் பென்’ என்பதில் ‘ரெட்’டை எடுத்தால் ஒன்றும் ஆகாது, ‘எ’யை எடுத்தால் வாக்கியம் முறிந்துவிடும். இவ்வளவு தெளிவாக வேறுபட்டு நிற்கும் ஒன்றை அடையென்று சொல்லிவந்ததை மொழியியலாளர் என்றோ கைவிட்டுவிட்டார்கள். 1933லேயே புளூம்ஃபீல்ட் ‘டிடர்மினர்’ என்ற வகையைத் தனியே பிரித்துக் காட்டினார். தமிழில் வரையறைச்சொல் எனலாம். 1985இல் வெளிவந்த ராண்டால்ஃப் குவர்க் குழுவினரின் பேரிலக்கணம் அதை விரிவாக வகுத்தது. 1987இல் ஸ்டீவன் ஆப்னி, பெயர்த்தொடருக்குத் தலையே பெயர்ச்சொல் அன்று, வரையறைச்சொல்தான் என்று ஆய்வேடு எழுதினார். அதை ஏற்பவரும் உண்டு, மறுப்பவரும் உண்டு. அலங்காரம் என்று கருதப்பட்டது ஆட்சிக்கட்டிலுக்கு வேட்பாளராகும் அளவுக்குச் சிந்தனை நகர்ந்திருக்கிறது. நம் வகுப்பறைக்கு அதன் வாடைகூட எட்டவில்லை.

எட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஓர் இருக்கை உண்டு, அதில் ஒருவர்தான் அமரலாம் என்பதை மாணவன் முதல் நாளிலேயே அறிந்திருப்பான். ‘எ’, ‘தி’, ‘மை’, ‘திஸ்’, ‘எவ்ரி’, ‘ஈச்’, ‘நோ’, ‘விச்’ எல்லாம் அந்த ஒரே இருக்கைக்குப் போட்டியிடுபவை. எண்ணத்தக்க பொருளின் பெயர் ஒருமையில் வந்தால் இருக்கை காலியாக இருக்கலாகாது. மரபுத்தொடர்களும் ‘பை பஸ்’ போன்றவையும் விலக்கு. இதை அறிந்தவன் ‘ஐ பாட் புக்’ என்று எழுதமாட்டான். ‘எ மை ஃப்ரெண்ட்’ என்றும் எழுதமாட்டான். ஒருவர் அமர்ந்துவிட்டதால் மற்றவர் பின்வாசல் வழியாக வரவேண்டியிருக்கிறது, ‘எ ஃப்ரெண்ட் ஆஃப் மைன்’ என்று. ‘என் நண்பர் ஒருவர்’ என்று தமிழ் எண்ணுப்பெயரைப் பின்னால் வைப்பது அவனுக்கு நினைவு வரும். இத்தாலியத்தில் ‘இல் மியோ லிப்ரோ’ என்று ஆர்ட்டிகிளும் ‘என்’னும் அருகருகே அமர்கின்றன. ஆகவே இது தருக்கத்தின் கட்டளையன்று, ஆங்கிலத்தின் வீட்டுவழக்கம். வழக்கம் என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள்.

இருக்கைக்கு முன்னும் பின்னும் திண்ணைகள் உண்டு. ‘ஆல்’, ‘போத்’, ‘ஹாஃப்’ முன்திண்ணை, எண்ணுப்பெயர்கள் பின்திண்ணை. ‘என் இரண்டு அண்ணன்மாரும்’ என்று நினைத்து ‘மை போத் பிரதர்ஸ்’ என்று எழுதும் மாணவனை எள்ளி நகையாடும் ஆசிரியர்களைக் கண்டிருக்கிறோம். ‘போத்’ முன்திண்ணைக்காரன், ‘மை’ உள்ளிருப்பவன், ஆகவே ‘போத் மை பிரதர்ஸ்’ என்று விளக்கியவரை அரிதாகவே கண்டிருக்கிறோம். மூன்று சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு கோடிட்ட இடங்களை நிரப்பும் பக்கத்தில் ‘போத்’துக்கு இடமேது?

பெயர்ச்சொற்களின் குணமும் அப்பக்கத்தில் இல்லை. ‘அட்வைஸ்’, ‘இன்ஃபர்மேஷன்’, ‘ஃபர்னிச்சர்’ ஆகியவற்றை ஆங்கிலம் தண்ணீரைப்போல, மணலைப்போல எண்ண முடியாதவையாகக் கொள்கிறது. தமிழில் அறிவுரைகள் உண்டு, தகவல்கள் உண்டு. ஒரே சொல் இரு வேடமும் போடும். ‘ஐ ஏட் சிக்கன்’ என்றால் கோழிக்கறி உண்டேன். ‘ஐ ஏட் எ சிக்கன்’ என்றால் முழுக் கோழியையும் விழுங்கினேன். நேர்முகத்தேர்வில் இரண்டாவதைச் சொல்லிவிட்டு, எதிரே இருப்பவர் ஏன் சிரித்தார் என்று தெரியாமல் திரும்பி வருகிறவன் யாரை நோவான்?

இப்போது ‘தி’க்கு வருவோம். ஆங்கில எழுத்தில் மிக மிகுதியாக வரும் சொல் அதுதான். 1961ஆம் ஆண்டின் அமெரிக்க வெளியீடுகளிலிருந்து பத்து லட்சம் சொற்களைத் தொகுத்த பிரவுன் தொகுப்பில் நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு சொல் ‘தி’. அதற்கு நம் பாடம் தரும் விளக்கம்: முதன்முறை சொன்னால் ‘எ’, மறுமுறை சொன்னால் ‘தி’. ‘ஒரு ஊரில் ஒரு ராஜா, அந்த ராஜாவுக்கு’ என்ற பாட்டி கதைக்கு இது பொருந்தும். (‘ஓர் ஊரில்’ என்று பாட்டியைத் திருத்தும் பண்டிதர்களைப் பற்றிப் பிறிதொரு நாள் பேசலாம்.) ஆனால் ‘வீ வென்ட் டு எ வெட்டிங். தி பிரைட் வாஸ் லேட்’ என்ற வாக்கியங்களைப் பாருங்கள். மணப்பெண் அப்போதுதான் முதன்முறை வருகிறாள், ‘தி’யோடுதான் வருகிறாள். கல்யாணம் என்றால் பெண் உண்டு என்பது கேட்பவனுக்குத் தெரியும் என்று சொல்பவனுக்குத் தெரியும். ‘ஷட் தி டோர்’ என்னும்போது கதவைப் பற்றி முன்னம் பேச்சே இல்லை. எந்தக் கதவு என்பது இருவர் கண்ணுக்கும் தெரிகிறது. ‘எது என்று உனக்குத் தெரியும்’ என்று கேட்பவனிடம் சொல்பவன் செய்யும் அறிவிப்பே ‘தி’. ‘உனக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, நான் தருகிறேன்’ என்பது ‘எ’. ஆர்ட்டிகிள் பொருளின் இயல்பைச் சொல்லவில்லை. இருவர்க்கிடையே உள்ள அறிவின் நிலவரத்தைச் சொல்கிறது.

அப்படியிருக்க, ‘ஐ சா —— டாக்’ என்று ஒற்றை வாக்கியத்தை அந்தரத்தில் தொங்கவிட்டு, கோட்டை நிரப்பு என்றால் எதை நிரப்புவது? யார் சொன்னது, யாரிடம் சொன்னது, அந்த நாயை அவர் அறிவாரா? கேட்பவனை வகுப்பைவிட்டு வெளியே அனுப்பிவிட்டு, கேட்பவனைப் பற்றிய கேள்வியை மாணவனிடம் கேட்கிறோம். ‘எ’ என்று எழுதினாலும் சரி, ‘தி’ என்று எழுதினாலும் சரி. விடைத்தாள் திருத்துபவரிடம் உள்ள திறவுகோலில் ஒன்று மட்டுமே இருக்கும். மற்றதை எழுதியவனுக்குச் சுழியம். இதை இலக்கணத் தேர்வு என்பதைவிடக் குடவோலை என்பது பொருந்தும்.

இதெல்லாம் வகுப்பறைச் சச்சரவு, ஒரு சின்னச் சொல்லுக்கு இத்தனை ஆரவாரமா என்பார்க்கு இரண்டு செய்திகள். 1967 நவம்பர் 22 அன்று ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 242ஆம் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. அண்மைப் போரில் கைப்பற்றிய பிரதேசங்களிலிருந்து இஸ்ரேலியப் படைகள் விலகவேண்டும் என்பது அதன் ஒரு கூறு. ஆங்கில வடிவத்தில் ‘டெரிட்டரீஸ்’ என்ற சொல்லுக்கு முன் ‘தி’ இல்லை. பன்மையில் இருக்கை காலியாக இருக்கலாம் என்பதால் வாக்கியம் இலக்கணப்படி முழுமையானதே. எல்லாப் பிரதேசங்களிலிருந்துமா, சிலவற்றிலிருந்தா? ‘தி’ இல்லாததால் எல்லாம் என்று பொருள் கொள்ள முடியாது என்பது ஒரு தரப்பு. போரினால் நிலம் கொள்ளல் ஏற்கத்தக்கதன்று என அதே தீர்மானத்தின் முன்னுரை சொல்வதால் எல்லாமே என்பது மறுதரப்பு. பிரெஞ்சு வடிவத்திலோ ஆர்ட்டிகிள் இருக்கிறது; அது பொருளுக்காக வந்ததா, பிரெஞ்சு நடைக்காக வந்ததா என்று அதற்கும் ஒரு வழக்கு. வரைவை முன்வைத்த பிரிட்டனின் தூதர் காரடன் பிரபு, ‘தி’யை விட்டது தெரிந்தே செய்தது என்று பின்னாளில் சொன்னார். அரை நூற்றாண்டுக்கு மேலாக அந்தக் காலி இருக்கையைச் சுற்றி வழக்குரைஞர்கள் வாதிடுகிறார்கள். அந்த நிலத்தில் மனிதர்கள் வாழவும் சாகவும் செய்கிறார்கள்.

மற்றொன்று துயரமற்றது. 1969 ஜூலையில் நிலவில் கால்வைத்த நீல் ஆர்ம்ஸ்ட்ராங்கின் வாக்கியத்தில் உலகம் கேட்டது ‘ஃபார் மேன்’ என்பதை. ‘மேன்’ இருக்கையின்றித் தனியே வந்தால் மனித இனம் என்று பொருள். அடுத்து வரும் ‘மேன்கைண்ட்’ என்பதும் அதுவே. மனித இனத்துக்குச் சிற்றடி, மனித இனத்துக்குப் பெரும்பாய்ச்சல் என்றால் வாக்கியம் தன்னையே வெட்டிக்கொள்கிறது. ‘ஃபார் எ மேன்’ என்பதே தம் கருத்து என்று அவர் சொல்லிவந்தார். 2006இல் ஒருவர் ஒலிப்பதிவைக் கணினியில் அலசி அந்த ‘எ’ இருக்கிறது என்றார். ஒலியியலாளர் பலர் ஏற்கவில்லை. தமிழில் பெயர்த்தவர்கள் ‘ஒரு மனிதனுக்கு’ என்று எழுதி அவருக்கு உதவிசெய்துவிட்டார்கள். அங்கே ‘ஒரு’ தேவையான ‘ஒரு’.

தமிழில் ஆர்ட்டிகிள் இல்லைதான். ஆர்ட்டிகிள் செய்யும் வேலை இல்லையா? ‘புத்தகம் வாங்கினேன்’ என்பதற்கும் ‘புத்தகத்தை வாங்கினேன்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு எந்தத் தமிழ்க் குழந்தைக்குத் தெரியாது? முன்னதில் ஏதோ ஒரு புத்தகம். பின்னதில் நீ அறிந்த புத்தகம். ‘பெண் பார்க்கப் போனார்கள்’ என்றால் தட்டில் பலகாரம் வரும். ‘பெண்ணைப் பார்க்கப் போனார்கள்’ என்றால் அவள் விடுதியில் தங்கிப் படிக்கிற மகளாகவும் இருக்கலாம். ‘கிணற்றில் தவளை இருக்கிறது’ என்பது புதிய செய்தி. ‘தவளை கிணற்றில் இருக்கிறது’ என்பது தேடிக்கொண்டிருந்த தவளை. உருபாலும் சொல்வரிசையாலும் தமிழ் இதைச் செய்கிறது. ஆங்கிலம் விட்டுவிடுவதையும் செய்கிறது. ‘ஐ அம் லுக்கிங் ஃபார் எ புக்’ என்றால் ஏதாவதொரு புத்தகமா, மனத்தில் உள்ள குறிப்பிட்ட ஒன்றா என்று ஆங்கிலம் சொல்லாது. ‘ஒரு புத்தகம் தேடுகிறேன்’, ‘ஒரு புத்தகத்தைத் தேடுகிறேன்’ என்று தமிழ் பிரித்துச் சொல்லிவிடும். ‘ஐ’ உருபு வந்த இடமெல்லாம் ‘தி’ என்று வாய்ப்பாடு போட்டுவிடக் கூடாது என்பதும் இதிலேயே தெரிகிறது. உயர்திணைப் பெயர்க்கோ அது பெரும்பாலும் கட்டாயம். ஆயினும் தொடங்க வேண்டிய இடம் இதுதான். இரண்டாம் வேற்றுமைத் தொகையும் விரியும் அறிந்த மாணவனிடம், உன்னிடம் இல்லாத ஒன்றைக் கற்பிக்கிறேன் என்று தொடங்குவது பொய் மட்டுமன்று, திருட்டு. அவன் கையிருப்பை அவனிடமிருந்தே மறைப்பது.

இந்தக் கல்வியின் எதிர்விளைவு நம் உரைநடையில் இறங்கியிருப்பதையும் சொல்லவேண்டும். ‘எ’ என்றால் ‘ஒரு’ என்று மனப்பாடம் செய்தவர்கள் இன்று மொழிபெயர்க்கிறார்கள், தலையங்கம் எழுதுகிறார்கள். ‘அவர் ஒரு மருத்துவர்’, ‘இது ஒரு முக்கியமான பிரச்சினை’, ‘ஒரு ஆழ்ந்த அமைதி ஒரு பெரும் துயரத்தைப் போல’ என்று ‘ஒரு’ மழை. ஆங்கிலத்தில் அந்த இருக்கை காலியாக இருக்கக் கூடாது என்பதால் அங்கே ‘எ’ அமர்ந்திருக்கிறது. தமிழில் அப்படியொரு இருக்கையே இல்லை. ‘அவர் மருத்துவர்’ போதும். ‘ஒரு’வைத் துரத்தச் சொல்லவில்லை. ‘அதுவும் ஒரு காரணம்’ என்பதில் அது பலவற்றுள் ஒன்றைக் காட்டுகிறது. ‘நீயெல்லாம் ஒரு மனுஷனா?’ என்பதில் அது எடுத்துப்போட்டு அடிக்கிறது. அந்த ‘ஒரு’வை எந்த ‘எ’யாலும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக முடியாது. வேலையுள்ள ‘ஒரு’வுக்கு மரியாதை வேண்டுமானால் வேலையற்றவற்றைக் குறைக்கத்தான் வேண்டும்.

இத்தனையும் சொன்ன பிறகு, இப்போது கணினியே ஆர்ட்டிகிளைப் போட்டுவிடுகிறதே, இனி எதற்கு இந்தக் கவலை என்று ஆங்கிலத்துறை இளைஞர் ஒருவர் கேட்டார். போடுகிறது, பெரும்பாலும் சரியாகவே போடுகிறது, மறுக்கவில்லை. நம் மாணவன் ‘ஹி இஸ் பிரதர் ஆஃப் மினிஸ்டர்’ என்று எழுதிக் கொடுத்தான். மென்பொருள் கண்ணிமைக்கும் நேரத்தில் இரண்டு ‘தி’ போட்டு, ‘தி பிரதர் ஆஃப் தி மினிஸ்டர்’ என்று திருப்பித் தந்தது. அமைச்சருக்கு உடன்பிறந்தவர் அவர் ஒருவர்தான் என்ற தொனி வந்துவிட்டது. அந்த அமைச்சருக்குத் தம்பிமார் ஐவர்.